தண்ணீர் பார்த்துக் கொடுக்கவும்

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, சித்தி வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. "எத்தனை நாள் வேணாலும் இரு. அந்த ரூமுக்கு இப்ப ஆளில்ல" என்றாள் சித்தி. ஏன் ஆளில்லாமல் போனது என்பதை அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம். அதை வரிசைப்படுத்தி எழுதுவது மட்டும்தான் என் வேலை.

சித்திக்கு நாற்பத்தெட்டு வயது. குள்ளமானவள், ஆனால் அவளோடு பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்றால் நாம் பாதி ஓட வேண்டியிருக்கும். சட்டைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் பதினோரு வருடம் நின்றே வேலை செய்தாள். தொழிற்சாலையை மூடியதும், பின்தெருவில் இருந்த முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். முதல் வாரத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மூன்றாவது தடவை வரவில்லை. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடியது. கடைசி நான்கு வருடம் இரண்டாம் மாடிக்கு அவள்தான் பொறுப்பு.

அவள் கொஞ்சிப் பேசுகிற ரகம் இல்லை. "சாப்பிடுறீங்களா, இல்ல நான் சாப்பிட்டுடவா?" என்று கேட்டுக்கொண்டே ஊட்டுவாள். ஆனால் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்க்காமல் அவள் யாரையும் குளிப்பாட்டியதில்லை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். வளையல் போடுவதை விட்டுப் பல வருடமாகிவிட்டது. வயதானவர்களின் தோலில் கோடு விழுமாம்.

அவளுக்கு ஒரே ஒரு கர்வம், கையெழுத்து. எட்டாவதோடு படிப்பு நின்றவள் என்றாலும், ஒவ்வொரு எழுத்தும் தலைசீவிப் பொட்டு வைத்துப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கட்டிலின் தலைமாட்டில் மாட்டுகிற அட்டைகளை எல்லாம் அவள்தான் எழுதுவாள். "இடது பக்கம் படுக்க வைக்கவும்." "கண்ணாடி போட்ட பிறகு பேசவும்." பெரிய எழுத்தில், நீல மையில், மூன்று நான்கு சொற்களுக்கு மேல் போகாமல்.

இரண்டாம் மாடியில் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். சன்னல் பக்கம் ஏழு, கதவுப் பக்கம் ஏழு. நடுவில் ஒரு துணித் தட்டி. சன்னல் வழியே தெரிவதெல்லாம் வண்டி நிறுத்துமிடமும் ஒரு சிமெண்டுச் சுவரும்தான். அங்கே யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேங்க் அம்மா, தையல் டீச்சர், டெலிபோன் அம்மா என்று முன்பு பார்த்த வேலையே பேர்.

டெலிபோன் அம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. மிஞ்சியது ஒரே வாக்கியம்: "லைன்ல இருங்க." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். "அந்தம்மாவுக்கு எந்த நம்பரைச் சுத்தினாலும் ஒரே எடத்துலதான் அடிக்குது" என்று ஆயாக்கள் சிரிப்பார்கள். அவர் வந்த புதிதில் சித்திதான் பார்த்துக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் பாத்ரூம் போக வேண்டும், வெட்டிச் சொன்னால் என்னை விடு, கடைசியில் குரல் ஏறினால் தண்ணீர் என்று மூன்று மாதத்தில் அவளுக்குப் பிடிபட்டது.

அவருக்கு விழுங்குவதும் சிரமம். சாதாரணத் தண்ணீரைக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்கார வைத்து ஸ்பூனால் கொடுக்க வேண்டும். ஒரு கப்புக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாது. காலை ஷிப்டில் ஐந்து கப், மதியத்தில் மூன்று. இதை எல்லாம் விவரமாக எழுதி மாட்டும்படி நர்ஸ் சொன்னார். அட்டையில் இவ்வளவையும் திணித்தால் எழுத்து சிறுத்து அழகு கெட்டுவிடும் என்று சித்தி மூன்றே சொல்லில் முடித்தாள். "தண்ணீர் பார்த்துக் கொடுக்கவும்."

கவனமாகக் கொடு என்பது அவள் நினைத்த பொருள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

சித்தப்பாவின் தங்கையும் அங்கேதான் வேலை செய்தாள். முப்பத்துநான்கு வயது. கல்யாணம் சரிப்பட்டு வராமல் அண்ணன் வீட்டோடு வந்து இருந்தவள். வாயாடி, யாரைப் பார்த்தாலும் அரை நிமிடத்தில் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். துணிக்கடை வேலை போனதும் சித்திதான் மேனேஜரிடம் பேசி இல்லத்தில் சேர்த்துவிட்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணு மேடம், என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள். சேர்ந்த ஒரு வருடத்தில் அவளுக்கு அங்கே பஞ்சு என்று பேர் விழுந்தது.

அந்தப் பேருக்குக் காரணம் உண்டு. ஷிப்ட் மாறும்போது, அடுத்து வருகிறவளிடம் காய்ந்த படுக்கையாக ஒப்படைப்பதுதான் அங்கே மரியாதை. ஈரத்தை விட்டுவிட்டுப் போகிறவளை, "ஏரியைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டா" என்பார்கள். டெலிபோன் அம்மா உட்பட அவள் பொறுப்பில் இருந்த கதவுப் பக்கத்து ஏழு பேரின் படுக்கைகளும் காலை ஷிப்ட் முடியும்போது பஞ்சு மாதிரி இருக்கும். "நீ என்ன மந்திரம் போடுற?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். "எங்க அண்ணி ட்ரெய்னிங்" என்பாள். சித்திக்கும் அதில் பெருமைதான். அதே நேரத்தில் தட்டிக்கு இந்தப் பக்கம் அவள் தன் ஏழு பேரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்ட் ஆயா வரவில்லை. சித்தி ஆறு மணி வரை நின்று கதவுப் பக்கத்தையும் பார்த்தாள். டெலிபோன் அம்மாவின் வாயைத் துடைக்கத் திறந்தபோது, நாக்கு வெயிலில் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. டயப்பரில் ஒரு கையகல ஈரம். டீ டிகாஷன் நிறம். புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது.

யாருக்கு எத்தனை கப் போனது என்று டிக் போடுகிற தாளைப் பார்த்தாள். காலை ஷிப்டில் ஐந்து கப் என்று பஞ்சுவின் கையெழுத்தில் ஐந்து டிக்.

"அஞ்சு கப் உள்ள போயிருக்கு, வெளியே ஒண்ணும் வரல. அப்ப நடுவுல எங்க போச்சுன்னு யோசிச்சேன்" என்றாள் சித்தி என்னிடம்.

அடுத்து அந்தப் பொடி டின்னை எடுத்தாள். அது டெலிபோன் அம்மாவுக்கு மட்டும் வாங்குவது, ஒரு டின் ஒன்பது நாளுக்கு வரும். மூடியில் திறந்த தேதி அவள் கையாலேயே எழுதியிருந்தது. பதினைந்து நாள் ஆகியும் மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது.

அன்று நாற்பது நிமிடம் உட்கார்ந்து இரண்டு கப் கொடுத்தாள். டெலிபோன் அம்மா ஸ்பூனைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இப்படி எதையாவது கண்டால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லி எழுதிவைக்க வேண்டும் என்பது இல்லத்தின் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பது சித்திதான். அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தாள்.

பஞ்சு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டெலிபோன் அம்மாவுக்கு இன்னைக்கு எத்தனை கப் குடுத்த?"

"தாள்ல போட்டிருக்கேனே அண்ணி."

"தாளைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

பஞ்சு ஒரு தலையணை உறையை உதறினாள். "ஒரு கப் இறக்க இருபது நிமிஷம். ஏழு பேரு. எனக்கென்ன பத்துக் கையா இருக்கு? முதுகு வேற புடிச்சிக்கிட்டு உயிர் போகுது. நனைஞ்சா தூக்கி மாத்தறது யாரு? அதோட நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க, பாத்துக் குடுன்னு."

"பாத்துன்னா கவனமா."

"பாத்துன்னா கம்மியா. அண்ணன் காப்பிக்குச் சர்க்கரை பாத்துப் போடுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஸ்பூனை ரெண்டு கையால புடிச்சுக்கிட்டுக் கவனமாவா போடுவீங்க?"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது சிரித்ததை இன்றைக்கும் அவள் தன் குற்றங்களின் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

"சரி, கம்மின்னே வச்சுக்க. அப்ப கம்மின்னு எழுத வேண்டியதுதானே. எதுக்கு அஞ்சு டிக்?"

பஞ்சு கொடியிலிருந்து அடுத்த உறையை உருவினாள்.

"டின் பதினஞ்சு நாளா நிக்குது. எனக்குத் தெரிஞ்சது நாளைக்கு நர்ஸுக்கும் தெரியும்."

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. நாளையிலேருந்து அஞ்சும் குடுத்துடறேன். சத்தியமா."

மறுநாள் சித்தி பழைய அட்டையைக் கழற்றிக் கோப்பில் வைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், ஒரு ஸ்பூன் விழுங்கிய பிறகே அடுத்த ஸ்பூன், காலை ஐந்து, மதியம் மூன்று, குறையக் கூடாது. எழுத்து சிறுத்துத்தான் போனது. விஷயம் வீட்டுக்குள்ளேயே முடிந்தது என்று அவள் நம்பினாள். அவள் வாய் திறந்தால் பஞ்சுவுக்கு வேலை போகும், சித்தப்பாவின் முகத்தில் விழிக்க முடியாது, முதல் அட்டையை எழுதியது யார் என்ற கேள்வியும் வரும். வாய் திறக்காவிட்டால் கெட்டுப்போகக்கூடியது ஒரே ஒருவரின் உடம்பு. அதையும் சரிசெய்தாகிவிட்டது என்று நினைத்தாள்.

முதல் நான்கு நாள் கதவுப் பக்கத்துப் படுக்கை நனைந்தது. "பஞ்சு ஊறிப்போச்சு" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் மறுபடி காய்ந்தது. ஆனால் டின் சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. பழைய டின் மூன்றே நாளில் தீர்ந்தது, அடுத்தது ஒன்பது நாளில், அதற்கடுத்ததும் அப்படியே. சித்தி தினமும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் தன் பக்கத்துக்குப் போனாள். டெலிபோன் அம்மா பகலிலும் தூங்க ஆரம்பித்திருந்தார். அவருடைய ஒற்றை வாக்கியமும் அரிதாகத்தான் கேட்டது. வயதாகிறது என்று எடுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை காலை, கதவுப் பக்கத்து வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. பத்து மணிக்குக் குழாய்க்காரர் வந்தார். அடியில் இருந்த வளைவைக் கழற்றி, கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். முழங்கை நீளத்துக்கு வழவழவென்று ஏதோ வந்தது. அதைச் செய்தித்தாளில் கிடத்தினார்.

"ஏம்மா, இங்க போஸ்டர் கிஸ்டர் ஒட்டுறீங்களா? இவ்ளோ பசை."

"இங்க எதுக்குங்க போஸ்டர்?" என்றாள் பேங்க் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த ஆயா.

"முடி எடுத்திருக்கேன், சோப்பு எடுத்திருக்கேன், பல்செட்டு கூட எடுத்துக் கழுவிக் குடுத்திருக்கேன். இது எனக்கே புதுசு."

சித்தி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில், கலங்கலாக, அழுத்தினால் நழுவியது. அந்தப் பொடியைத் தண்ணீரில் போட்டால் இப்படித்தான் ஊதும். மூன்று வாரமாக டின் வேளைக்கு வேளை காலியானது உண்மைதான், குழாய்க்குள் காலியாகியிருக்கிறது. டின்னைப் பற்றிப் பஞ்சுவிடம் அவளே வாய்விட்டுச் சொன்னதால்தான் அது நடந்திருக்கிறது.

கதவோரம் பஞ்சு துண்டோடு நின்றாள். செய்தித்தாளைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிறகு துண்டை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

சித்தி நேரே டெலிபோன் அம்மாவின் கட்டிலுக்குப் போனாள். நெற்றி கொதித்தது. தோளைத் தட்டினாள், கன்னத்தைத் தட்டினாள்; கண் திறக்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்தார், ஆம்புலன்ஸ் வந்தது. சிறுநீரில் தொற்று, அது ரத்தத்துக்கும் போய்விட்டது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் போவதற்குள் சித்தி நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார் நர்ஸ்.

"இருபத்திரண்டு நாளா."

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு லிப்டுக்குள் போனார்.

அன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார். மேசை மேல் அந்தப் பழைய அட்டை இருந்தது. பஞ்சுவை முன்னதாகவே விசாரித்திருந்தார்கள். அட்டையில் எழுதியபடிதான் செய்தேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. விஷயம் பெரிதாகாமல் முடிய வேண்டும் என்பதுதான் அவர் கவலை. "நானும் படிச்சுப் பார்த்தேன். ரெண்டு அர்த்தமும் வருது" என்றார். "சொல் குழப்பம்னு எழுதிடலாம். ரெண்டு பேருக்கும் மறுபடி பயிற்சி. ஒரே வீடு வேற. நாளைக்கு நீங்க ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும் இல்லையா?"

சித்தி அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நல்ல கையெழுத்து.

"எழுதினது குழப்பம்தான் மேடம். ஊத்தினது குழப்பமில்ல."

"நீங்க எல்லாத்தையும் எழுதிக் குடுத்தா, அது ஆய்வு அலுவலகத்துக்குப் போகும். உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரிஞ்சும் சொல்லலன்னு."

"தெரிஞ்சும் சொல்லலதானே மேடம்."

இரண்டு பக்கம் எழுதினாள். அதன் நகலை நான் பார்த்திருக்கிறேன். அதில் 'பாவம்' இல்லை, 'கொடுமை' இல்லை. தேதி, மணி, என்ன பார்த்தாள், நாக்கு எப்படி இருந்தது, டின்னில் எவ்வளவு இருந்தது, மொட்டை மாடியில் யார் என்ன சொன்னார்கள், குழாயிலிருந்து என்ன வந்தது. தான் சிரித்ததையும் எழுதியிருந்தாள். எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருந்தது.

வீட்டில் சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா எழுத விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்கள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டார்கள். பல் விளக்குகிற பேஸ்ட் தீர்ந்துவிட்டது, வீட்டுக்காரர் வந்தார், இந்த அளவில்.

பஞ்சுவை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு ஒன்றும் பதிவானது. பெரிய அண்ணன் வீட்டுக்குப் போக அவள் பெட்டி கட்டியபோது, சித்தி வாசலில் நின்றாள்.

"உங்க கையெழுத்து சூப்பர்னு எல்லாரும் சொல்லுவாங்க அண்ணி. ஆபீஸ்ல காட்டினாங்க, என் பேரை அதுல படிச்சேன். நல்லாத்தான் இருந்துது."

பஞ்சு பெட்டி மேல் உட்கார்ந்து அதை அழுத்தி மூடினாள். பிறகு, கேலி இல்லாத குரலில் சொன்னாள். "நான் அவங்களை அடிச்சேனா, திட்டினேனா? ஒரு தடவைகூடக் கை ஓங்கினதில்ல. அந்தம்மா தண்ணி வேணும்னு கேக்கவே இல்ல அண்ணி. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேட்டாங்க. லைன்ல இருங்கன்னு தெனமும் கேட்டாங்க. அதைத்தான் நீ எல்லாருக்கும் பேசிக் காட்டிட்டு இருந்த."

டெலிபோன் அம்மா பதினேழு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். எடை குறைந்திருந்தது, கண் தெளிந்திருந்தது. அதற்குள் சித்தியிடமிருந்து மாடிப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கோப்பில் சேர்ந்தது. ஆனால் அந்தக் கதவுப் பக்கத்தில் அவரைத் தானே பார்த்துக்கொள்ளலாம், அவருடைய அந்தக் குரலைத் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று சித்தி எண்ணியிருந்தாள். இனி அவள் வேண்டியது அது ஒன்றுதான்.

டெலிபோன் அம்மாவின் மகள் வந்திருந்தாள். தோளில் ஆபீஸ் பை, கையில் அந்த இரண்டு பக்கத்தின் நகல். சித்தியை நடைபாதைக்குக் கூப்பிட்டாள்.

"இதை எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அந்தச் செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுது."

"அப்புறம் இருபத்திரண்டு நாள்."

"ஆமா."

மகள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீங்க எழுதலன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது. வயசாச்சு, ஜுரம் வந்துதுன்னு நெனச்சிருப்பேன். அதுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன். ஆனா இனிமே எங்கம்மாகிட்ட நீங்க வர வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பா எடுத்துக்க என்ன இருக்கு?" என்றாள் சித்தி. பிறகு, "புதுசா வந்திருக்கிற பொண்ணுக்கு அவங்களுக்குக் குடுக்கற விதம் தெரியாது. இன்னைக்கு ஒரு கப் மட்டும் நான் கூட உக்காந்து காட்டிட்டுப் போயிடறேன். நீங்களும் பாத்துக்கலாம்" என்றாள்.

மகள் சரி என்றாள்.

மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதுகுக்கு இரண்டு தலையணை, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், ஸ்பூனை நேராக நீட்டாமல் கீழிருந்து கொண்டுபோக வேண்டும், தொண்டை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தது. குரல் கடைசியில் ஏறினால் இன்னும் வேண்டும் என்று பொருள், வெட்டினால் நிறுத்திவிட வேண்டும். ஐந்தாவது ஸ்பூனில் புதியவளிடம் கப்பைக் கொடுத்தாள். முதலில் அவள் அவசரப்பட்டாள். சித்தி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இருபத்து மூன்று நிமிடம் ஆனது. புதியவள் தாளில் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினாள். சித்தி எழுந்து, மேனேஜரிடம் சொல்லித் தன்னை மூன்றாம் மாடிக்கு மாற்றிக்கொண்டாள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள், அவர்களுடைய பேரெல்லாம் இன்னும் அவளுக்குப் பழகவில்லை.